காயம்பட்டவனைத் தேடிப்போன மருத்துவர்

ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் இந்திய ராணுவத்தின் பாராசூட் படை மருத்துவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 152-வது இந்திய பாராசூட் பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாக இருந்தார். இந்தியப் படையினரில் முதன்முதலாக விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தவர்கள் அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான்.

1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. ஐ.நா. உறுப்பு நாடுகளிடம் படை கேட்டது. நேருவின் அரசு சண்டையிடும் படையை அனுப்ப இசையவில்லை. 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில் 346 பேர் நவம்பர் மாதம் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். அறுவை மருத்துவர்கள் நால்வர், மயக்க மருந்து கொடுப்பவர்கள் இருவர், பல் மருத்துவர் ஒருவர் அதில் இருந்தனர்.

அவர்கள் பியோங்யாங் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே சீனப் படைகள் வெள்ளமாக இறங்கின. ஐ.நா. படைகள் பின்வாங்கின. ஏற்றிச் செல்ல வண்டி இல்லை, சாமான்களைப் போட்டுவிட்டு வாருங்கள் என்று உத்தரவு. கருவிகளும் மருந்துகளும் இல்லாத மருத்துவப் பிரிவு வெறும் ஆள்கூட்டம்தான் என்பது ரங்கராஜுக்குத் தெரியும். கைவிடப்பட்ட ஒரு நீராவி ரயில் எஞ்சினையும் சில பெட்டிகளையும் அவருடைய ஆட்கள் தேடிப் பிடித்தார்கள். கொதிகலனுக்குத் தண்ணீர் வேண்டுமே! வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவுக்குள்ளேயே இருந்தார்கள். பாலங்கள் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்பு, ஒரு சாமானையும் விடாமல் அந்த ரயில் தெற்கே கிளம்பியது.

பிறகு பிரிவு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி தேகு நகர மருத்துவமனையில் கொரிய மக்களுக்கும் வீரர்களுக்கும் சிகிச்சை அளித்தது. ரங்கராஜ் இருந்த பகுதி 27-வது காமன்வெல்த் பிரிகேடுடன் போர்முனையிலேயே நின்றது. அங்கே நேரம்தான் உயிர். ரத்தம் இழந்தவனைக் குலுங்கும் வண்டியில் பல மணி நேரம் கொண்டுபோனால் வழியிலேயே போய்விடுவான். அறுவை மேசை சண்டைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவன் பிழைப்பான்.

1951 மார்ச் 23 அன்று இந்த எண்ணத்துக்குப் பெரும் சோதனை வந்தது. சியோலுக்கு வடமேற்கே முன்சான் என்ற இடத்தில், எதிரியின் பின்புறம், அமெரிக்காவின் 187-வது பாராசூட் படைப் பிரிவின் ஆயிரக்கணக்கான வீரர்கள் குதித்தார்கள். தரைவழிப் படை வந்து சேரும்வரை காயம்பட்டவர்களை வெளியே கொண்டுபோக வழி கிடையாது. ஆகவே ரங்கராஜ் உள்ளிட்ட 12 இந்தியர்கள் மருந்துப் பொதிகளோடு கூடவே குதித்து, அங்கேயே சிகிச்சையைத் தொடங்கினார்கள். ஊதா கலந்த செந்நிறத் தொப்பி அணிந்த அந்த மருத்துவர்களை அமெரிக்க வீரர்கள் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தார்கள். கொரியாவில் மூன்றாண்டுக்கு மேல் இருந்த அந்தப் பிரிவு சுமார் 2 லட்சம் பேருக்குச் சிகிச்சை அளித்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. போர்க்கால வீரத்துக்கு இந்தியா தரும் இரண்டாவது உயரிய விருது அது.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்த வேலை இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது, அது நியாயமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தில் ஆலோசகராக ஆப்கானிஸ்தான் போனார். மலையும் பனியும் மட்டுமல்ல அங்கே தடை. பெண்கள் வெளியாரின் முன் வர மாட்டார்கள். பரம்பரை அம்மை குத்துபவர்கள் நோயாளியின் புண்பொருக்கையே எடுத்து நல்ல உடம்பில் கீறி ஏற்றுவார்கள். அதிலிருந்தும் நோய் பரவியது. குளிர்பெட்டி இல்லாமலும் கெடாத உலர் தடுப்பு மருந்தும் இருமுனை ஊசியும் கிராமம் கிராமமாகப் போயின. 1970-களின் தொடக்கத்திலேயே அந்த நாட்டில் பெரியம்மைத் தொடர் அறுந்தது. 1980 மே மாதம் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

2020 ஜூலை மாதத்துக்கான போர் வீரராகத் தென்கொரிய அரசு ரங்கராஜைத் தேர்ந்தெடுத்துப் பெருமைப்படுத்தியது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அவருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.  அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மாணவர்களுக்கும், பெரம்பலூர், அரியலூர் பள்ளிகளில் டாக்டராகும் கனவோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியர்கள் இந்த மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும்.