வண்டி நின்னாலும் ஈஎம்ஐ நிக்காது: புது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பழுதானா என்ன செய்யணும்?



"அண்ணா, அஞ்சாம் தேதிக்கு முன்னாடி அந்த அக்கவுண்ட்ல இருக்கிற பணத்தை எல்லாம் எடுத்துடப் போறேன். ஈஎம்ஐ பவுன்ஸ் ஆகட்டும். அப்பதான் அவங்களுக்கு உறைக்கும்."

எங்க ஆபீஸ் ஆடிட் டீம்ல இருக்கிற ஒரு தம்பி, மதிய சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட சொன்னது இது. அவருக்கு 26 வயசு. சொந்தக் காசில் வாங்கின முதல் வண்டி. ஆன்ரோடு விலை 1,35,000 ரூபாய். 35,000 கையிலிருந்து கட்டி, மீதி ஒரு லட்சத்துக்கு லோன். 12% வட்டி, 24 மாசம், ஈஎம்ஐ 4,707 ரூபாய்.

வாங்கின 19ஆம் நாள் காலையில் குரோம்பேட்டை பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில் ஓடிக்கிட்டிருந்த வண்டி திடீர்னு ஆஃப் ஆயிடுச்சு. பின்னாடி வந்த பஸ் பிரேக் அடிச்சதால தப்பிச்சார். ரோடு சைட் அசிஸ்டன்ஸுக்குப் போன் பண்ணி ரெண்டு மணி நேரம் காத்திருந்தும் யாரும் வரல. 900 ரூபாய் கொடுத்து ஒரு டெம்போவில் ஏத்தி சர்வீஸ் சென்டரில் விட்டார். என்கிட்ட பேசும்போது அங்கே வண்டி நின்னு 27 நாள் ஆகியிருந்தது. போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பதில்: "பார்ட்ஸ் வரணும் சார், ரெண்டு நாள்ல சொல்றோம்."

அவர் கோபம் நியாயமானது. ஆனா அவர் எடுத்த முடிவு தப்பு. ஏன்னு பார்ப்போம்.

ஈஎம்ஐயை நிறுத்தினா உறைக்கப் போறது யாருக்கு?

நீங்க லோனில் வண்டி எடுத்தா, ஷோரூமுக்கு முழுப் பணமும் ஆரம்பத்திலேயே போயிடும். கொடுத்தது பேங்க் அல்லது ஃபைனான்ஸ் கம்பெனி. வண்டி வாங்கினது ஒரு ஒப்பந்தம், லோன் இன்னொரு ஒப்பந்தம். வண்டி ஓடலைங்கிறது லோனைக் கட்டாம இருக்க காரணம் ஆகாது. நீங்க ஈஎம்ஐயை நிறுத்தினா வண்டி தயாரிச்ச கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை.

உங்களுக்கு நடக்கிறது வேற. பவுன்ஸ் சார்ஜ், அபராதக் கட்டணம் வரும். எத்தனை நாள் தாமதம்னு கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகும். கணக்கில் பணம் இல்லாம ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆனா, 2007ஆம் வருஷத்து பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25ஆவது பிரிவில், செக் பவுன்ஸ் மாதிரியே வழக்கு போடவும் இடம் இருக்கு.

இந்தத் தம்பி அடுத்த வருஷம் ஊர்ல அப்பா வீட்டை எடுத்துக் கட்ட ஹோம் லோனுக்கு அப்ளை பண்ணப் போறவர். 4,707 ரூபாய் கோபத்துக்காக, 20 வருஷ லோனோட வட்டி விகிதத்தைப் பணயம் வைக்கலாமா? இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "சரிண்ணா, ஈஎம்ஐ போகட்டும். ஆனா வண்டியை எப்படி வாங்குறது?"ன்னார்.

முதல் கேள்வி: ஜாப் கார்டு எங்கே?

நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். போனைத் தேடி ஒரு போட்டோ காட்டினார். வண்டியை விட்ட தேதி இருந்தது. "கஸ்டமர் கம்ப்ளெயின்ட்" கட்டத்தில் இருந்தது ரெண்டே வார்த்தை: "ஜெனரல் செக்கப்".

ஓடும்போது மோட்டார் கட் ஆன வண்டிக்கு ஜெனரல் செக்கப்! நாளைக்கு இது வாரண்டிக்குள்ள வர்ற குறையா இல்லையான்னு சண்டை வந்தா, நம்ம பக்கம் காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லை. 27 நாளா அவர் பேசினது எல்லாம் போன்ல. அதுவும் எங்கேயும் பதிவாகல.

பெட்ரோல் வண்டின்னா தெருமுனை மெக்கானிக் இருக்கார். பார்ட்ஸ் கிடைக்கலைன்னா புதுப்பேட்டை இருக்கு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் கன்ட்ரோலர், பேட்டரி, டிஸ்பிளே எல்லாம் கம்பெனியோட சாஃப்ட்வேரோட பிணைஞ்சிருக்கும். வெளியே பிரிச்சா வாரண்டி போயிடும். சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸும் இந்த மாதிரி எலெக்ட்ரிக்கல் பழுதுக்குப் பணம் தராது. ஆக, நமக்கு இருக்கிற ஒரே வழி வாரண்டி. அதைக் கேட்டு வாங்க நமக்கு இருக்கிற ஆயுதம் பேப்பர்.

அன்னைக்கு சாயங்காலமே உட்கார்ந்து சேர்த்தோம்:

1. இன்வாய்ஸ், வாரண்டி புக்லெட், லோன் ஸ்டேட்மெண்ட்.
2. வண்டி நின்ன அன்னைக்கு டிஸ்பிளேயில் வந்த எரர் கோடு. நல்லவேளை, வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ அனுப்பி வெச்சிருந்தார்.
3. கால் ஹிஸ்டரி ஸ்க்ரீன்ஷாட். 11 அழைப்பு, தேதியோட.
4. டெம்போக்காரருக்கு ஜிபேயில் கொடுத்த 900 ரூபாய், தினமும் பைக் டாக்ஸிக்கு ஆன செலவு.

மறுநாள் நேரில் போய், "ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் நின்றுவிட்டது" என்று ஜாப் கார்டில் திருத்தி எழுதச் சொல்லி, சீல் வாங்கினார். அரை மணி நேரம் வாக்குவாதம் ஆச்சாம். பரவாயில்லை, அந்த ஒரு வரிதான் பின்னாடி எல்லாத்துக்கும் அடிப்படை.

மெயிலில் என்ன எழுதணும்?

டீலருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே மெயில். திட்டு வேண்டாம், சோகக்கதையும் வேண்டாம். வாங்கின தேதி, சேசிஸ் நம்பர், பழுதான தேதி, அப்போ ஓடியிருந்த கிலோமீட்டர், வண்டி எத்தனை நாளா உங்க கையில் இருக்கு, எனக்கு என்ன வேணும், எந்தத் தேதிக்குள் வேணும். அவ்வளவுதான். நாங்க 7 நாள் கெடு கொடுத்தோம். "சரிசெய்து கொடுங்கள். முடியாவிட்டால் வேறு புது வண்டி அல்லது முழுப்பணம்" என்று கேட்டோம்.

ரெண்டாம் நாள் பதில் வந்தது: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." தேதி எதுவும் இல்லை.

கெடு முடிஞ்சதும் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணுக்குப் போன் போட்டு புகார் பதிவு செஞ்சார். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அவங்களுக்குத் தீர்ப்பு சொல்ற அதிகாரம் இல்லை. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி பதில் கேட்பாங்க. ஆனா புகார் எண் கிடைக்கும். அந்த எண்ணைப் போட்டு அதே மெயிலுக்கு ஒரு ரிப்ளை அனுப்பினார். அதுக்கப்புறம்தான் கம்பெனி தலைமை அலுவலகத்தில் இருந்து ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

அதுக்கும் அசையலைன்னா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நம்ம பக்கம் இருக்கு. நிறைய பேருக்குத் தெரியாத விஷயங்கள்:

* பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரைன்னா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். விலை 5 லட்சத்துக்குள் இருந்தா புகார் கட்டணமே இல்லை.
* கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்க வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.
* வக்கீல் கட்டாயம் இல்லை. ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவு செய்யலாம்.
* பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்கணும்.
* குறையைச் சரிசெய்யவோ, புதுப்பொருள் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நஷ்ட ஈடு கொடுக்கவோ ஆணையம் உத்தரவு போடலாம்.

டீலர், தயாரிப்பாளர் ரெண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்க. ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டித் தப்பிக்காம இருக்க அதுதான் வழி.

நஷ்டத்தை நேர்மையா கணக்குப் போடுங்க

இங்கேதான் பலர் சறுக்குறாங்க. "மாசம் 4,707 நஷ்டம்"னு எழுதாதீங்க. ஈஎம்ஐயில் பெரும்பகுதி அசல், அதாவது வண்டியோட விலை. வண்டி விலையைத் திருப்பிக் கேட்டுட்டு ஈஎம்ஐயையும் கேட்டா, ஒரே பணத்தை ரெண்டு தடவை கேட்ட மாதிரி. கணக்கு ஒரு இடத்தில் ஊதியிருந்தா மத்ததையும் நம்ப மாட்டாங்க.

வண்டி மொத்தம் 46 நாள் சர்வீஸ் சென்டரில் இருந்தது. அதுக்கு நாங்க போட்ட கணக்கு:

* பைக் டாக்ஸி: 32 வேலை நாள் × 150 = 4,800
* கழிக்க: வண்டி ஓடியிருந்தா ஆகியிருக்கும் சார்ஜிங் செலவு = 180
* டெம்போ = 900
* அந்த 46 நாளுக்கு லோன் வட்டி மட்டும் = 1,480
* அலைச்சலுக்காக ஒரு நாள் சம்பளப் பிடித்தம் = 1,800

மொத்தம் 8,800 ரூபாய். மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு வேணும்னா தனியா கேட்கலாம்.

முழுப்பணம் திரும்பக் கேட்கிறவங்க இன்னொண்ணும் ஞாபகம் வெச்சுக்கோங்க. லோனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் இருந்தா அதையும் சேர்த்துக் கேளுங்க. பணம் வந்ததும் முதல் வேலை லோனை அடைச்சு என்ஓசி வாங்குறது.

கடைசியா கையெழுத்து போடும்போது

46ஆம் நாள் கன்ட்ரோலரை மாத்திட்டு வண்டியைக் கொடுத்தாங்க. கூடவே ஒரு பேப்பர்: "வாகனத்தை முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." தம்பி எனக்குப் போன் போட்டார். "ஓட்டிப் பார்க்கும் முன் பெற்றுக்கொள்கிறேன், என் நஷ்ட ஈட்டுக் கோரிக்கை தொடர்கிறது" என்று எழுதி அதுக்குக் கீழே கையெழுத்து போடச் சொன்னேன். சர்வீஸ் மேனேஜருக்கு முகம் மாறிச்சாம். ஆனா வண்டியைக் கொடுத்துட்டாங்க. மாத்தின பார்ட் என்ன, அதுக்கு எத்தனை மாசம் வாரண்டி என்பதையும் மெயிலில் வாங்கினார்.

8,800 ரூபாய்க்கு கம்பெனி தர முன்வந்தது 2,000 ரூபாய் சர்வீஸ் கூப்பன். அவர் வாங்கல. ஆணையத்தில் புகார் கொடுக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கார். ஃபைல் ரெடியா இருக்கு, 2 வருஷம் டைமும் இருக்கு. அது அவர் முடிவு. ஈஎம்ஐ மட்டும் ஒண்ணுகூட பவுன்ஸ் ஆகல.

புது வண்டி எடுத்திருக்கீங்களா? இன்னைக்கே உங்க இன்வாய்ஸையும் வாரண்டி புக்லெட்டையும் ஸ்கேன் பண்ணி மெயிலில் போட்டு வைங்க. வண்டியை சர்வீஸுக்கு விடும்போது, அந்தக் "கஸ்டமர் கம்ப்ளெயின்ட்" கட்டத்தைப் படிக்காம கிளம்பாதீங்க. மெயில் எப்படி எழுதுறதுன்னு சேனலில் தனியா ஒரு வீடியோவில் காட்டுறேன். அடுத்த பதிவில் சந்திப்போம்.