கடல் காணாச் சிறாரும் கடலுயிர் நூல்களும்: செஞ்சியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கடல்வாழ் உயிர்கள் குறித்துத் தமிழில் சிறார்க்கு எழுதப்படும் அபுனைவு நூல்கள், கடலை அறியாத உள்நாட்டுக் குழந்தைக்கு எவ்வாறு பொருள்படும் என்பதைச் செஞ்சியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. கடலோர மக்கள் வழங்கும் உயிர்ப்பெயர்களும் குழந்தை வாழும் நிலத்தின் அளவுகளும் இத்தகைய நூல்களில் இணைய வேண்டும் என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சிறார் அபுனைவு, கடலுயிர்கள், நெய்தல் வழக்கு, கலைச்சொல், செஞ்சி.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரப் பகுதி மரக்காணம். அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கி.மீ. மேற்கே, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகளை அரணாகக் கொண்ட செஞ்சி உள்ளது. மரக்காணத்துக் குழந்தை வலையிலிருந்து உதிரும் மீனை நேரில் காண்கிறது. செஞ்சிக் குழந்தைக்கோ கடல் பெரும்பாலும் சந்தைக் கருவாடாகவும் பாடநூற் படமாகவுமே அறிமுகமாகிறது. முன்னதற்கு நூல் கண்டதை விளக்குகிறது. பின்னதற்கு முதல் அறிவையே நூல்தான் தருகிறது. நூலில் பிழை நேரின் அதனைக் கண்ணால் கண்டு திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இக்குழந்தைக்கு அரிது.

தமிழில் சிறார் அறிவு நூல்கள்

பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ இத்துறையின் பெருமுயற்சியாகும். பெ.நா. அப்புசாமியின் எழுத்துகள் அறிவியலை எளிய தமிழில் சொல்ல வழிகாட்டின. யெஸ். பாலபாரதியின் ‘ஆமை காட்டிய அற்புத உலகம்’ கடலுலகைக் கதைவழி அறிமுகம் செய்கிறது. 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தால் பிறமொழிப் படநூல்களும் தமிழில் எளிதாகக் கிடைக்கின்றன. மொழிபெயர்ப்பு பெருகப் பெருக, உயிர்களை எப்பெயரால் சுட்டுவது என்னும் வினா முதன்மை பெறுகிறது.

பெயரும் அறிவும்

‘நட்சத்திர மீன்’, ‘இழுதுமீன்’ ஆகியவை அச்சில் நிலைத்த சொற்கள். ஆயினும் அவ்வுயிர்கள் மீன்கள் அல்ல, அவற்றுக்கு முதுகெலும்பில்லை. முன்னது முட்தோலிகளையும் பின்னது குழியுடலிகளையும் சார்ந்தது. கடலோரத்தார் இழுதுமீனைச் ‘சொறி’ என்பர். தொட்டால் அதன் கொட்டும் அணுக்கள் தோலில் எரிச்சலும் அரிப்பும் உண்டாக்கும். அந்தப் பட்டறிவை இப்பெயர் சுமந்து நிற்கிறது.

ஆலிவ் ரிட்லி என்னும் ஆங்கிலப் பெயரின் முற்பாதி நிறத்தைச் சுட்ட, ‘பங்குனி ஆமை’ என்னும் தமிழ்ப் பெயர் பருவத்தை உணர்த்துகிறது. தமிழகக் கரையில் இவ்வாமை முட்டையிடும் காலம் ஏறத்தாழத் தை முதல் பங்குனி வரை அமைகிறது. ‘அழுங்காமை’ என்னும் பெயர் அழுங்கு என்னும் நிலவிலங்கை நினைவூட்டுவது. அழுங்கின் செதில்களைப் போலவே இவ்வாமையின் ஓட்டுத் தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். குன்றும் புதர்க்காடும் சூழ்ந்த ஊரில் வளரும் குழந்தைக்கு இவ்வொப்புமையே கடலுக்குள் நுழையும் வழியாகலாம்.

அச்சு வழக்குச் சொற்கள் அனைத்தும் குறையுடையன அல்ல. ‘கடற்பசு’ என்னும் பெயர் கடற்புல்லை மேயும் இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் ஆவுளியா எனவும் வழங்கும் அவ்விலங்கு பசுவைவிட யானைக்கே நெருங்கிய உறவுடையது. நூல் இதனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாக் நீரிணைப் பகுதியில் 2022இல் 448 சதுர கி.மீ. பரப்பு இவ்விலங்கின் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அச்செய்தி குழந்தைக்குப் பொருள்பட, விலங்கின் இயல்பு முதலில் விளங்கியிருத்தல் வேண்டும்.

நிலத்தின் அளவுகோல்

பெயரைப் போன்றே அளவும் சிக்கலானது. கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர் என்னும் எண் குழந்தையின் மனத்தில் உருப்பெறுவது கடினம். ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். அதனைப் போன்ற 15 குன்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலே அவ்வாழம் நிரம்பும். ராஜகிரியின் உச்சி நீர்மட்டத்தைத் தொடுமாறு அதனைக் கடலில் நிறுத்துவதாகக் கொண்டால், அதன் அடிவாரம் ஒளிமிகு மேலடுக்கின் எல்லையான 200 மீட்டரைக் கடந்து மங்கிய பகுதியில் நிற்கும். அவ்வாழத்தில் ஒளிச்சேர்க்கைக்குப் போதிய ஒளி இல்லை. ஆகவே அங்குள்ள உயிர்களில் பெரும்பாலானவை மேலிருந்து வீழும் உணவையோ ஒன்றையொன்றையோ சார்ந்து வாழ்கின்றன. நாள்தோறும் காணும் குன்றைக் கொண்டே ஆழ்கடலின் உணவுமுறையை இவ்வாறு விளக்க இயலும்.

முடிவுரை

கடலுயிர் குறித்த சிறார் நூல், அச்சு வழக்குச் சொல்லையும் கடலோர வழக்கையும் அருகருகே தந்து, அவை பொருந்தும் இடத்தையும் பிறழும் இடத்தையும் விளக்க வேண்டும். அளவுகளை வாசகர் வாழும் நிலத்தோடு இணைப்பதும் தேவை. மரக்காணம் போன்ற ஊர்களில் வழங்கும் உயிர்ப்பெயர்களைத் தொகுத்து உயிரியலாரின் துணையுடன் இனங்காணும் பணி, தமிழ்த்துறை ஆய்வாளர்கள் மேற்கொள்ளத்தக்கது. அத்தொகுப்பு அமையுமாயின், ஒரே மாவட்டத்தின் கரையூரில் வழங்கும் சொல் செஞ்சி வகுப்பறைக்கும் நூல்வழிச் சென்று சேரும்.