நாலு பக்கம் போதாது!

"மேசைப் பலகை அறுக்கிறதுக்குக்கூட ஒரு கட்டுரையா?" என்று கேட்டுவிடாதீர்கள். இடம் சரியான செவ்வகமாக இருந்தால் நீளம், அகலம் இரண்டே அளவு போதும். ஆனால் நம் வீடுகளில் செவ்வகமான மூலை எங்கே இருக்கிறது?

சங்கரன்கோவில் பக்கம் திருவேங்கடம் எங்கள் ஊர். கரிசல் பூமி. மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதன்மேல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். எங்கள் வீட்டில் மூன்று சுவருக்கு நடுவே கோணலாக ஒரு இடம் உண்டு. நானும் பத்தாவது படிக்கும் தங்கச்சியும் உட்கார்ந்து படிக்க வேறு இடம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். ஒரு ஷீட் பிளைவுட் என்பது அம்மா தீப்பெட்டி ஆபீசில் பல நாள் வாங்கும் கூலி. தப்பாக அறுத்தால் அடுத்த ஷீட் கிடையாது.

அந்த இடத்தின் அளவுகள் இவை: பின்சுவர் 1200 மி.மீ., இரண்டு பக்கச் சுவர்களும் 600, முன்வாசல் 1265. நாலு பக்கமும் தெரிந்துவிட்டதே, அறுத்துவிடலாமா? கூடாது! நாலு குச்சிகளை மூலைக்கு ஒரு ஆணி வைத்து அடித்துப் பாருங்கள். சட்டம் இப்படியும் அப்படியும் ஆடும். அதே நாலு நீளத்திற்கு எத்தனையோ வடிவம் உண்டு. குறுக்கே ஒரு குச்சி அடியுங்கள், அசையாது. இரண்டு முக்கோணம் ஆகிவிட்டதல்லவா? முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்தால் வடிவம் ஒன்றே ஒன்றுதான்.

செயின் சர்வேயில் சிவில் நண்பர்கள் படிப்பதும் இதைத்தான். நம் நிலத்தின் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள், வயலுக்குள் குறுக்குக் கோடு ஓடும். 1802-ல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்தியப் பெரும் நில அளவையும் முக்கோணத்தை நம்பித்தான் நடந்தது.

ஆகவே மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இடது முன்மூலை 'அ', இடது பின்மூலை 'ஆ', வலது பின்மூலை 'இ', வலது முன்மூலை 'ஈ' என்று வைத்துக்கொள்வோம். அ–இ 1377, ஆ–ஈ 1364. சுவர் செங்குத்தாக இருக்காது என்பதால் தரையில் அளக்காதீர்கள். பலகை உட்காரும் உயரத்தில், டியூப் லெவல் பிடித்துக் குறி போட்டு, அங்கேயே அளக்க வேண்டும்.

இனி பிளைவுட்டில் வரைவோம். 8 × 4 அடி ஷீட்டின் நீளவாக்கில், ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆ–இ கோடு 1200 போடுங்கள். ஆணியும் நீளாத நூலும் இருந்தால் காம்பஸ் தயார். 'ஆ'விலிருந்து 1364, 'இ'யிலிருந்து 600 வில் போட்டால், வெட்டும் இடம் 'ஈ'. 'இ'யிலிருந்து 1377, 'ஆ'விலிருந்து 600 போட்டால் 'அ' கிடைக்கும். கடைசியாக அ–ஈ அளந்து பாருங்கள். 1265 வந்தால் ஆறு அளவும் சரி. வராவிட்டால் ரம்பத்தைத் தொடாமல் டேப்பை மறுபடி எடுங்கள்.

சுவர் நடுவில் புடைத்திருந்தால் அட்டைப்பெட்டியை வெட்டிச் சுவரோரம் வையுங்கள். சின்ன மரக்கட்டையில் பென்சிலைக் கட்டி, கட்டையைச் சுவரோடு உரசிக்கொண்டே இழுத்தால் சுவரின் வளைவு அட்டையில் அப்படியே விழும். கட்டையின் அகலத்தைக் கணக்கில் சேர்த்துப் பலகைக்கு மாற்றுங்கள். சுவர்ப்பக்கம் மூன்றிலும் 3 மி.மீ. இடைவெளி விட்டுவிடுங்கள், பின்னால் பீடிங் மறைத்துவிடும். பின்பக்கத்தைவிட முன்வாசல் குறுகலாக இருந்தால் பலகை நேராக உள்ளே போகாது. மேலிருந்து சாய்த்து இறக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு துண்டாக்க வேண்டும்.

அறுக்கும்போது ரம்பமே இரண்டு மி.மீ. தின்றுவிடும். எங்கள் ஊர் ஆசாரி அண்ணாச்சி சொல்வார்: "கோட்டுக்கு வெளியே அறு தம்பி. கூடின பலகையைச் சீவிக்கிடலாம், குறைஞ்ச பலகையை இழுத்து நீட்ட முடியுமா?" கைரம்பம் என்றால் நல்ல முகம் மேலே இருக்கட்டும். கோட்டின்மேல் செலோ டேப் ஒட்டினால் விளிம்பு சிம்பு சிம்பாகப் பெயராது.

600 மி.மீ. அகலத்தில் 841 × 594 அளவுள்ள ஏ-1 டிராயிங் ஷீட் தாராளமாக விரியும். பக்கத்தில் தங்கச்சியின் புத்தகத்துக்கும் இடம் இருக்கிறது. வகுப்பில் படித்த முக்கோணம் வீட்டிற்கும் உதவட்டும் நண்பர்களே! உங்கள் வீட்டுக் கோணல் மூலையை நினைத்துச் சலித்துக்கொள்ளாதீர்கள். டேப்பை எடுங்கள், நாலோடு நிறுத்தாமல் ஆறு அளவு எடுங்கள்.