குழாய் ஜலம் பின்வாங்கிப் பாய்தலும் அதைத் தடுக்கும் வழிகளும்

ரிஷிவந்தியம் பிர்காவில் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடும் குடியானவர்களுக்கு மருந்து தெளிக்கும் முறையைப் பற்றி இலாகா ஊழியர்கள் சொல்லாத நாளில்லை. ஆனால் அம்மருந்தைக் கலப்பதற்கு வேண்டிய ஜலத்தை எங்கிருந்து, எவ்விதமாய் எடுக்க வேண்டும் என்பதை நாங்கள் வற்புறுத்திச் சொன்னதில்லை. இந்தக் கவனக்குறைவில் எழுதுபவனுக்கும் பங்குண்டு. ஆதலால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ரிஷிவந்தியத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில், விதைத்து மூன்றாம் நாளான மக்காச்சோளக் கொல்லையில் களைக்கொல்லி தெளித்துக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. கொல்லை ஊரை ஒட்டியது. கிணற்று மோட்டாருக்கு அச்சமயம் மின்சாரமில்லை. ஆகவே தெருக்குழாயில் ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி, 200 லிட்டர் பீப்பாயின் அடிவரை அதை இறக்கி, ஜலம் நிரம்பும்போதே ஏக்கருக்குரிய 200 கிராம் அட்ரசின் தூளையும் கொட்டிக் கலக்கும்படி சொன்னேன். நேரம் மிச்சமாகும் என்பதே என் எண்ணம். பீப்பாய் முக்கால் பங்கு நிறைந்திருந்தபோது தொட்டியில் ஜலம் விடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் அதைக் கவனியாமல், கூடியிருந்தவர்களுக்குத் தெளிப்பான் மூக்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். குடத்துடன் காத்திருந்த ஒரு மூதாட்டி, "ஐயா, தண்ணி ஏறலீங்களே, இறங்கில்ல போவுது!" என்றாள். திரும்பிப் பார்த்தேன். பீப்பாயின் உட்புறத்தில் வெண்மையான கலவை நின்ற அடையாளத்துக்கு நான்கு விரற்கடை கீழே மட்டம் இறங்கியிருந்தது. ரப்பர்க் குழாய் கலவையை உறிஞ்சித் தெருக்குழாய்க்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

குழாயைப் பிடுங்கினோம். தொட்டி இயக்குபவரை அழைத்து அந்தத் தெருவின் வால்வை அடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்து, கடைசிக் குழாயைத் திறந்து வெகுநேரம் ஜலத்தைக் கழிவாக ஓடவிட்டோம். எவருக்கும் தீங்கு நேரவில்லை. நான்கு விரற்கடை என்பது அந்தப் பீப்பாயில் ஏறத்தாழ 20 லிட்டர். மூதாட்டி கவனித்திராவிட்டால், மறுநாள் காலையில் முதலில் குழாயைத் திறப்பவர் வீட்டுக் குடத்தில் அது சேர்ந்திருக்கும்.

இது எப்படி நேர்ந்தது என்று கேட்பவர்களுக்கு, டப்பாவிலிருந்து ரப்பர்க் குழாயால் டீசலை வாயால் உறிஞ்சி எஞ்சினுக்கு ஊற்றும் வழக்கத்தை நினைவூட்டினால் போதும். ஒரு முறை உறிஞ்சிவிட்டால், கீழ்முனை தாழ்ந்திருக்கும் வரை எண்ணெய் தானே இறங்கிக்கொண்டிருக்கும். குடிநீர்க் குழாயிலும் அவ்விதமே. தொட்டியின் வால்வை அடைத்ததும் குழாயில் எஞ்சிய ஜலம் பள்ளத்தெருக் குழாய்களின் வழியாக இறங்குகிறது. அவ்விடத்தை நிரப்ப மேட்டுத்தெருக் குழாய்களின் வாய்கள் எதை எட்டினாலும் உள்ளே இழுக்கும். காற்றை எட்டினால் காற்று. ஜலத்தில் முழுகியிருந்தால் அந்த ஜலம். விஷக் கலவையில் முழுகியிருந்தால் விஷம். கல்வராயன் மலைச்சரிவில் உள்ள ஊர்களில் தாழ்ந்த வீட்டார் குழாயைத் திறந்தவுடன் மேல்வீட்டுக் குழாய் 'உஸ்' என்று காற்றை உறிஞ்சுவதைப் பலரும் கேட்டிருக்கலாம். அந்தச் சப்தமே இதற்குச் சாட்சி.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த உட்ஸ்பரோ என்னும் சிற்றூரில் 1983-ம் வருஷத்தில் இதுவே பெரிய அளவில் நடந்தது. ஊர்க் குடிநீர்ப் பம்பு பழுதுபட்டுக் குழாயில் அழுத்தம் குறைந்தது. அதே வேளையில், பாராகுவாட் என்னும் களைக்கொல்லி இருந்த தொட்டிக்கும் ஊர்க் குழாய்க்கும் இடையிலிருந்த வால்வு அடைக்கப்படாமல் கிடந்தது. அதனால் மருந்து ஊர்க் குழாய்க்குள் புகுந்துவிட்டது. வீடுகளின் குழாய்களில் மஞ்சள் நிறமாய் ஜலம் வந்தது. உடனே ஜனங்களை எச்சரித்தபடியால் விபத்துத் தப்பியது. பாராகுவாட் நம் கடைகளிலும் விற்ற மருந்துதான். அதை உட்கொண்டவர்களுக்கு மாற்று மருந்து கிடையாது என்பதை இங்கே சொல்லவேண்டியதில்லை.

நம் தேசத்தில் இதைவிடப் பெருங் கேடு டில்லியில் நேர்ந்தது. 1955 டிசம்பர் முதல் 1956 ஜனவரி வரை அந்நகரில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. நஜப்கர் வாய்க்காலின் சாக்கடை நீர் யமுனையில் எதிர்த்தேறி, வஜீராபாத்தில் குடிநீருக்காக ஜலம் இறைக்கும் இடத்தை எட்டியதே காரணம். கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்த்திருந்தும், காமாலையை உண்டாக்கும் நுண்கிருமி அதற்கு அடங்கவில்லை.

இனி நம் ஊர்களின் நிலையைப் பார்ப்போம். 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஜல ஜீவன் திட்டத்தின் மூலம் தலைக்குத் தினம் 55 லிட்டர் என்ற கணக்கில் வீடுதோறும் குழாய் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அநேக கிராமங்களில் ஜலம் வருவது காலையிலோ மாலையிலோ சில நாழிகை மட்டும். மற்ற நேரமெல்லாம் குழாய் வெறுமையாய்க் கிடக்கும். நாள் முழுதும் அழுத்தத்துடன் நிரம்பியிருக்கும் குழாயில் வெளி அசுத்தம் நுழைவது அரிது. வெறுங் குழாயிலோ ஒவ்வொரு கசிவும் ஒரு வாயாகிவிடுகிறது.

இத்துடன் வேறு இரண்டு வழக்கங்கள் சேர்ந்துள்ளன. ஒன்று, வீட்டு வாசலில் இரண்டடி, மூன்றடி குழி தோண்டி, குழாயைத் தாழ்த்தி அதில் பிடிப்பது. குழியில் பாத்திரம் கழுவிய நீரும் மழை நீரும் தேங்கும். ஜலம் நின்றதும் குழாயின் வாய் அதில் முழுகிக் கிடக்கும். இரண்டாவது, குழாயில் நேரே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவது. மோட்டார் தனக்கு வேண்டிய ஜலத்தை மட்டும் இழுப்பதில்லை. அண்டை வீட்டுக் குழியின் அழுக்கையும், சாக்கடை ஓரத்துக் கசிவையும் சேர்த்தே இழுக்கிறது. குழி தோண்டுகிறவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை என்பது என் அபிப்பிராயம். முன்தெருவில் மோட்டார் ஓடும் வரையில் கடைசித் தெருவார் குழி தோண்டத்தான் செய்வார்கள். ஆகையால் கிராம அதிகாரிகள் முதலில் மோட்டார்களை அகற்றி, தெருவுக்கொரு வால்வு வைத்து முறைபோட்டு விடவேண்டும். கடைசித் தெருவுக்கு ஜலம் எட்டிய பிறகு குழிகளை மூடச் சொன்னால் கேட்பார்கள். முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்யப் புகுந்த இடங்களில் சண்டைதான் மிஞ்சியது.

மற்றொரு வகை, உறிஞ்சுதலால் அன்றித் தள்ளுதலால் நேர்வது. வசதியுள்ள சில வீடுகளில் ஆழ்குழாய்க் கிணற்றுக் குழாயையும் ஊர்க் குழாயையும் ஒரே தொட்டிக்குப் போகும்படி இணைத்து, நடுவில் ஒரு வால்வு மட்டும் வைத்திருக்கிறார்கள். 12 மீட்டர் உயரத் தொட்டி தருவது சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கிலோ அழுத்தம். கிணற்று மோட்டாரின் பலம் அதைவிட அதிகம். வால்வை அடைக்க மறந்த அன்று கிணற்று ஜலம் ஊர்க் குழாய்க்குள் ஏறும். இதற்கு வால்வை நம்புவது கூடாது. இணைப்பையே வெட்டிவிட வேண்டும். இரண்டு குழாய்களும் தொட்டியின் விளிம்புக்கு மேலேயே தனித்தனியாய்க் கொட்டட்டும்.

குழாயின் வாய்க்கும் பாத்திரத்தின் விளிம்புக்கும் இடையே காற்று இருப்பதே எல்லாக் காவலிலும் மேலான காவல். அதற்குச் செலவும் கிடையாது. குழாயின் குறுக்களவைப் போல் இரண்டு மடங்கு, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பது பொறியாளர்களின் விதி. நம் குடியானவர்கள் ஒரு சாண் என்று வைத்துக்கொண்டால் நல்லது. மாட்டுத் தொட்டிக்கும் இதுவே முறை. மருந்துப் பீப்பாயைத் தெருக்குழாயின் அருகே கொண்டுவரவே கூடாது. குடத்தில் ஜலம் பிடித்துக் கொல்லைக்குக் கொண்டுபோய் ஊற்றி, அங்கே மருந்தைக் கலப்பதுதான் உசிதம்.

சொட்டு நீர்ப்பாசனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கொடுக்கப்பட்டதால் கரும்புத் தோட்டங்களில் இது பரவியிருக்கிறது. வென்சுரி மூலம் யூரியாக் கரைசல் போய்க்கொண்டிருக்கையில் மின்சாரம் திடீரென நின்றால், குழாயிலுள்ள ஜலம் கிணற்றுக்குள் திரும்பி விழும். கரைசலும் கூடவே போகும். அந்தக் கிணற்று ஜலத்தைக் கொட்டகையில் உள்ளவர்களும் குடிக்கிறார்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளுக்கு உடல் நீலம் பாரிக்கும் நோய் வரக்கூடும். ஆகையால் மோட்டாருக்கும் வென்சுரிக்கும் நடுவில் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தே தீரவேண்டும். ஜலம் குறைவாய் வருகிறதென்று அதைக் கழற்றி வைத்தவர்கள் உடனே மாட்டிவிட வேண்டுகிறேன். உரத்தை முதலில் நிறுத்தி, கால் மணி நேரம் வெறும் ஜலம் ஓட்டி, பிறகே மோட்டாரை நிறுத்துக.

பிளீச்சிங் பவுடர் போட்டாகிறதே என்று சிலர் தைரியமாயிருக்கிறார்கள். தரமான தூள் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம் போட்டு, கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சுகிறதா என்று சோதிக்க வேண்டியது அவசியமே. ஒரு தெருவில் மட்டும் அது மிஞ்சாமற்போனால் அத்தெருவில் அசுத்தம் நுழைகிறதென்று சந்தேகிக்கலாம். ஆயினும் களைக்கொல்லியையும் பூச்சிமருந்தையும் குளோரினை நம்பிப் போக்கிவிட முடியாது. காய்ச்சினால் ஜலம் வற்ற வற்ற மருந்தின் செறிவு கூடலாமேயன்றித் தீராது. மருந்து கலந்ததாகச் சந்தேகம் வந்தால் வால்வை அடைத்து, ஊரை எச்சரித்து, குழாயைக் கழுவிவிட்டு, மாதிரி ஜலத்தைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவேண்டும். மருந்துப் புட்டியை எறிந்துவிடாமல் சீட்டுடன் வைத்திருங்கள். எவருக்கேனும் உடம்புக்கு வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.