நடமாடும் இல்லங்களில் எரிவாயுக் கருவிகளும் மின்பழுதுகளும்

வீட்டு வசதிகளைச் சக்கரங்களின் மேல் ஏற்றிச் செல்லும் காரவன் ஊர்திகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்து வருகின்றன. இந்தியாவின் சுற்றுலாத் திட்டங்களில் இவை அண்மைக் காலத்தில்தான் இடம்பெறத் தொடங்கின. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் காரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. அடுத்த ஆண்டில் வாகமண் மலைப்பகுதியில் அம்மாநிலத்தின் முதல் காரவன் பூங்கா திறக்கப்பட்டது. இத்தகைய ஊர்திகள் பெருகும்போது, அவற்றைப் பழுதின்றி வைத்திருக்கும் தொழில்நுட்ப அறிவும் உடன் வளர வேண்டும்.

மின்இணைப்பு கிடைக்காத இடங்களிலும் தங்க வேண்டியிருப்பதால், மேலைநாட்டுக் காரவன்களில் அடுப்பு, நீர்க்கொதிகலன், அறை சூடேற்றி, குளிர்பதனப் பெட்டி ஆகியவை பெரும்பாலும் திரவ எரிவாயுவால் இயங்குகின்றன. இவற்றுள் ஒன்று இயங்க மறுத்தால், எரிவாயு தீர்ந்துவிட்டது என்றே பயணிகள் முதலில் கருதுவர். புதிய சிலிண்டரைப் பொருத்திய பின்னரும் கருவி இயங்காதபோதுதான் குழப்பம் தொடங்குகிறது. பல சமயங்களில் உண்மையான பழுது எரிவாயுவில் இல்லை. அதனைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றிலேயே உள்ளது.

இரண்டு ஆற்றல்கள், ஒரு கருவி

எரிவாயுக் கருவியில் வெப்பத்தைத் தருவது எரிவாயு. அந்த எரிவாயுவுக்கு வழிவிடுவது மின்சாரம். அறை சூடேற்றியின் பொத்தானை அழுத்தியதும், முதலில் மின்விசிறி சுழன்று எரிப்பறைக்குக் காற்றைச் செலுத்துகிறது. பின்னர் மின்காந்த வால்வு திறந்து எரிவாயுவை விடுகிறது. மின்பொறி சுடரை ஏற்றுகிறது. சுடர் உண்டா என்பதை உணர்முனை ஒன்று கண்காணிக்கிறது. இந்த வரிசையில் ஏதேனும் ஒரு படி தவறினாலும் கட்டுப்பாட்டுப் பலகை வால்வை மூடிவிடும். மின்சாரம் அற்றுப்போனால் வால்வு தானாகவே மூடிக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டிருப்பதே இதன் அடிப்படைப் பாதுகாப்பு. எனவே, கருவி நின்றுபோவது எப்போதும் அதன் குறைபாடாகாது. பல வேளைகளில் அது தன் கடமையைச் சரிவரச் செய்கிறது என்றே பொருள்.

பாட்டரியும் மின்னழுத்த இழப்பும்

காரவனின் உட்புறக் கருவிகள் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குகின்றன. முழுமையாக மின்னேற்றம் பெற்ற ஈய-அமிலப் பாட்டரி, சுமையற்ற நிலையில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். 12 வோல்ட் அளவுக்கு இறங்கிவிட்டால் அதன் சேமிப்பு பெரும்பகுதி தீர்ந்துவிட்டது எனலாம். அந்நிலையிலும் விளக்குகள் எரியும். ஆனால் சூடேற்றியின் விசிறி சுழலத் தொடங்கியதும் மின்னழுத்தம் மேலும் சரிகிறது. கட்டுப்பாட்டுப் பலகை அதனை உணர்ந்து கருவியை நிறுத்திவிடுகிறது. விளக்கு எரிவதைக் கொண்டு பாட்டரி நன்றாக உள்ளது என்று முடிவு செய்வது இதனால் தவறாகிறது.

பாட்டரி நன்றாக இருந்தும் பழுது நேர்வதுண்டு. இணைப்பு முனையில் படியும் துரு 0.1 ஓம் அளவு மின்தடையை உண்டாக்குவதாகக் கொள்வோம். 10 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்போது அங்கேயே ஒரு வோல்ட் இழக்கப்படுகிறது. 230 வோல்ட் வீட்டுச் சுற்றில் ஒரு வோல்ட் பொருட்படுத்தத் தக்கதன்று. 12 வோல்ட் சுற்றிலோ அது பன்னிரண்டில் ஒரு பங்கு. சாலை அதிர்வால் தளரும் திருகுகளும், ஈரத்தால் அரிக்கப்படும் எர்த் இணைப்புகளும் காரவன்களில் தனிக்கவனம் பெறவேண்டியதன் காரணம் இதுவே. கருவி நின்றிருக்கும்போது அன்றி, இயங்க முயலும்போது அதன் முனைகளிலேயே மின்னழுத்தத்தை அளந்தால்தான் இவ்விழப்பு வெளிப்படும்.

சுடர் தோன்றி அணைவது ஏன்?

சுடர் ஏற்பட்டுச் சில விநாடிகளில் அணைந்துவிடுவது அடிக்கடி காணப்படும் பழுதாகும். எரியும் சுடர் மிகச் சிறிய அளவில் மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடையது. உணர்முனையிலிருந்து சுடர் வழியே பர்னருக்குச் செல்லும் மின்னோட்டம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு சில பங்குகளே ஆகும். அது திரும்பிச் செல்லும் வழி பர்னரின் எர்த் இணைப்பு. அவ்விணைப்பு தளர்ந்தாலோ, உணர்முனையில் கரி படிந்தாலோ, சுடர் எரிந்துகொண்டிருந்தும் அது இல்லையென்றே பலகை முடிவு செய்கிறது. இத்தகைய பழுதுக்கு விலையுயர்ந்த கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றுவது வீண்செலவு. இணைப்பைச் சுத்தம் செய்து இறுக்குவதே போதுமானதாக இருக்கக்கூடும்.

எளிய கருவிகளில் இப்பணியை வெப்ப மின்னிரட்டை செய்கிறது. சுடரின் வெப்பத்தால் அதில் எழும் சில பத்து மில்லிவோல்ட் மின்னழுத்தமே வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. குமிழை அழுத்திப் பிடித்திருக்கும்வரை எரிந்து, கையை எடுத்ததும் சுடர் அணைந்தால், மின்னிரட்டையையும் அதன் இணைப்பையும் முதலில் ஐயுற வேண்டும்.

குளிர்பதனப் பெட்டியின் மூன்று வழிகள்

ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் மண்டர்ஸ் ஆகிய இருவரும் 1922ஆம் ஆண்டில் வகுத்த உறிஞ்சல் முறையே காரவன் குளிர்பதனப் பெட்டிகளுக்கு அடிப்படை. இதனை இயக்கத் தேவைப்படுவது வெப்பம் மட்டுமே. அவ்வெப்பத்தை எரிவாயு, 230 வோல்ட் மாறுமின்சாரம், 12 வோல்ட் நேர்மின்சாரம் ஆகிய மூன்றில் எதனாலும் தரலாம். பழுதறிவதற்கும் இதுவே நல்ல துணை. எரிவாயுவில் குளிர்ந்து மின்சாரத்தில் குளிராவிட்டால், உறிஞ்சல் அமைப்பு சரியாக உள்ளது. பழுது மின்வழியில் உள்ளது எனத் துணியலாம்.

12 வோல்ட் சூடேற்றுசுருள் 120 வாட் கொண்டதாயின் 10 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியையும் அது ஓரிரவில் வெறுமையாக்கிவிடும். இதனால்தான் இவ்வழி எஞ்சின் ஓடும்போது மட்டும் இயங்குமாறு அமைக்கப்படுகிறது. ஊர்தி நின்றதும் பெட்டி குளிர மறுப்பதைப் பழுதாகக் கொள்ளுதல் கூடாது.

பழுதைத் தேடும் வரிசை

எரிவாயு வாடை வருகிறதா என்பதே முதற்கேள்வி. வாடை இருப்பின் எந்த மின்பொத்தானையும் தொடாமல், சிலிண்டரை மூடி, கதவுகளைத் திறந்து, அனைவரும் வெளியேற வேண்டும். திரவ எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரைமட்டத்தில் தேங்கி நிற்கும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றும்.

வாடை இல்லையெனில், தீக்குச்சியால் அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்கலாம். அடுப்பு சீராக எரிந்தால் சிலிண்டரும் ரெகுலேட்டரும் குற்றமற்றவை எனப் பெரும்பாலும் கொள்ளலாம். அடுப்பும் எரியாவிடில் சிலிண்டர் தீர்ந்திருக்கலாம். கடுங்குளிர் மலைப்பகுதியாயின், பூஜ்யம் டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் பியூட்டேன் ஆவியாக மறுப்பதும் காரணமாகலாம். அடுப்பு எரிந்து பிற கருவி இயங்காதபோது, பாட்டரியின் மின்னழுத்தம், ப்யூஸ், இணைப்பு முனைகள், எர்த், மின்பொறி, உணர்முனை என்ற வரிசையில் ஆராய்தல் முறையாகும். ஒரு மல்டிமீட்டர் இப்பணியின் பெரும்பகுதிக்குப் போதுமானது. எரிவாயுக் குழாயையோ வால்வையோ கழற்றும் நிலை வந்தால், அது தகுதி பெற்ற தொழிலாளியின் பணி.

தடையை நீக்குவது தீர்வாகாது

ப்யூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியை இடுவதும், உணர்முனையை ஏமாற்றி வால்வைத் திறந்து வைப்பதும் அவ்வப்போது கையாளப்படும் குறுக்குவழிகள். இவற்றால் கருவி இயங்கிவிடும். ஆனால் சுடர் அணைந்தபின்னும் எரிவாயு வெளியேறிக்கொண்டிருக்கும். மற்றோர் ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, போதிய காற்றின்றி எரியும் கருவிகளில் உண்டாகிறது. காற்றோட்டமற்ற குளியலறைகளில் பொருத்தப்பட்ட எரிவாயு கீசர்களால் நம் நாட்டில் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. குளியலறையினும் பெரிதல்லாத காரவன் அறையில், உறங்குவோர் இதனை உணர்ந்து எழுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. எனவே காற்றுத் துளைகளை அடைக்காதிருப்பதும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துவதும் இன்றியமையாதவை.

மின்பணியாளர் எரிவாயுவை அறியார். எரிவாயுப் பணியாளர் மின்சுற்றை அறியார் என்னும் நிலையில், பழுது இருவருக்கும் இடையே தங்கிவிடுகிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் பயிற்சியும் குளிர்பதனத் தொழிற்பயிற்சியும் அளிக்கப்பட்டு வருகின்றன. 12 வோல்ட் சுற்றுகள், சுடர் கண்காணிப்பு, எரிவாயுப் பாதுகாப்பு ஆகியவற்றை ஒருங்கிணைத்த குறுகியகாலப் பாடம் ஒன்றை இவற்றுடன் சேர்ப்பது அரிதன்று. ஊர்திகளுக்கும் பூங்காக்களுக்கும் செய்யப்படும் முதலீட்டுடன் ஒப்பிடுகையில் இதற்காகும் செலவு சிறிது. அதனால் காக்கப்படுவதோ பயணிகளின் உயிர்.