தூதரைப் பிடித்த கடன்காரர்கள்

1708 ஜூலை. லண்டன் தெருவில் ஒரு கோச்சு வண்டியைச் சிலர் வழிமறித்தார்கள். உள்ளே இருந்தவர் ரஷ்ய மன்னர் மகா பீட்டரின் தூதர் ஆந்திரேய் மத்வேயெவ். பணி முடிந்து ஊர் திரும்பும் நேரம். பாக்கியைத் தீர்க்காமல் கிளம்பிவிடுவாரோ என்று பயந்த வியாபாரிகள் அமீனாக்களை ஏவியிருந்தார்கள். வந்தவர்கள் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்த தூதர் கூச்சல் போட, அடியும் விழுந்தது. கைதாகி, ஜாமீன் கிடைத்து வெளியே வந்தவர், கொதிப்போடு நாட்டைவிட்டே கிளம்பினார். கடன் என்னவோ சுமார் 50 பவுண்டுதான்!

கை வைத்தவர்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்றார் பீட்டர். சட்டத்தில் இடமில்லாமல் யாரையும் தண்டிக்க முடியாது என்று கைவிரித்தார் பிரிட்டனின் ஆன் ராணி. தலையசைத்தால் தலை உருளும் நாட்டின் மன்னருக்கு இது எப்படிப் புரிந்திருக்கும்? கடைசியில், தூதர்களைக் கைது செய்யும் உத்தரவே செல்லாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அலங்காரமாக எழுதிய அதன் பிரதி ரஷ்யாவுக்குப் போனது. 1710-இல் பிரிட்டிஷ் தூதர் சார்லஸ் விட்வொர்த் மாஸ்கோவில் ராணியின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

இந்தச் சலுகை வெறும் மரியாதை அல்ல. உன் ஆளை நான் தொட்டால், என் ஆள் உன் ஊரில் மாட்டிக்கொள்வான். எல்லா நாடுகளுக்கும் இருந்த இந்தப் பயமே 1961-இல் வியன்னா ஒப்பந்தமாக எழுத்தில் வந்தது. தூதரைக் கைது செய்யக் கூடாது. தூதரகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. ஆவணங்கள் போகும் தூதரகப் பையைத் திறக்கக் கூடாது. பிடிக்காத தூதரை வெளியேறச் சொல்லலாம், அவ்வளவுதான்.

பை என்றால் எவ்வளவு பெரியது? ஒப்பந்தம் அளவு சொல்லவில்லை. 1984 ஜூலையில் நைஜீரிய முன்னாள் அமைச்சர் உமாரு டிக்கோவை லண்டனில் கடத்தி, மயக்க மருந்து கொடுத்து, மரப்பெட்டியில் அடைத்து, தூதரகப் பை என்று சொல்லி விமானமேற்றப் பார்த்தார்கள். தூதரகப் பைக்குரிய அடையாளங்கள் பெட்டியில் முறையாக இல்லாததால் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் அதைத் திறந்தார்கள். டிக்கோ பிழைத்தார்.

இதே பாதுகாப்பு குற்றவாளிக்கும் கேடயமாகிவிடுகிறது என்ற புகார் நியாயமானதே. ஆனால் அந்தப் பாதுகாப்பை விலக்கும் உரிமை அனுப்பிய நாட்டிடம் இருக்கிறது. 1997-இல் வாஷிங்டனில் ஜார்ஜிய நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் குடிபோதையில் கார் ஓட்டியதில், 16 வயதுச் சிறுமி இறந்தாள். ஜார்ஜியா பாதுகாப்பை விலக்கிக்கொண்டது; அவர் அமெரிக்கச் சிறைக்குப் போனார்.