கவுன்சலிங் டீச்சர் கூப்பிட்டால் பயம் எதற்கு?

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டால் போதும், நம் தோட்டத்து வீடுகளில் அன்றிரவு சோறு இறங்காது. கடிதம் மலாயில் இருக்கும். மேலே பள்ளியின் முத்திரை, கீழே ஒரு கையெழுத்து. "என்னடா செஞ்சே?" என்று பிள்ளையின் முதுகில் இரண்டு விழும். அதன் பிறகுதான் கடிதத்தைப் படிக்க ஆள் தேடுவோம்.

கலும்பாங், கெர்லிங் வட்டாரத் தோட்டங்களுக்குச் சங்க வேலையாகப் போகும்போது இப்படி நம்மிடம் நீட்டப்பட்ட கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. சம்பளச் சீட்டு, சேமநிதிக் கடிதம், சொக்சோ பாரம் இவற்றுக்கு நடுவே நாலாக மடித்து வைத்த பள்ளிக் கடிதமும் இருக்கும். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கட்டொழுங்கு ஆசிரியர் எழுதியவை அல்ல. கையெழுத்துக்குக் கீழே 'குரு பிம்பிங்ஙான் டான் கவுன்செலிங்' என்று இருக்கும். நம் மொழியில் வழிகாட்டி ஆலோசக ஆசிரியர். பிள்ளைகள் வாயில் அவர் 'கவுன்சலிங் டீச்சர்'.

ஒரு தாய் நம்மிடம் கேட்டார்: "அண்ணே, கவுன்சலிங்னா பைத்தியம் புடிச்சவங்களுக்குப் பாக்குறதாமே? எம் புள்ளைக்கு என்னாண்ணே ஆச்சு?" கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற தகப்பனாரோ, "அதெல்லாம் இல்ல, பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தப் போறாங்க, அதுக்குத்தான் கூப்புடுறாங்க" என்றார். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: மகள் மூன்றாம் படிவத்தில் இருக்கிறாள், நான்காம் படிவத்தில் எந்தெந்தப் பாடங்களை எடுக்கலாம் என்று பேச வேண்டும், பெற்றோர் வர முடியுமா?

பாட்டாளித் தோழர்களே, தாய்மார்களே! இந்த வேலை எங்கே, யாருக்காகத் தொடங்கியது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பிழைக்க வந்த ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்துக் குடியிருந்த பகுதியில், 1908-ஆம் ஆண்டு பிராங்க் பார்சன்ஸ் என்பவர் ஒரு தொழில் வழிகாட்டி நிலையத்தைத் திறந்தார். பள்ளியை விட்டதும் கிடைத்த கூலிக்கு ஓடிக்கொண்டிருந்த இளைஞர்களை உட்காரவைத்துப் பேசினார். உனக்கு என்ன வரும், என்ன வராது? அந்தத் தொழிலுக்கு என்ன படிப்பு வேண்டும், என்ன சம்பளம்? இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா? அவர் கேட்டவை இவைதாம். அதே ஆண்டில் அவர் காலமானார். அவருடைய புத்தகம் மறு ஆண்டுதான் வெளிவந்தது. இன்று உலகமெங்கும் பள்ளிகளில் இருக்கும் ஆலோசக ஆசிரியரின் வேலைக்கு அதுதான் வேர். ஆக, இது பணக்காரப் பிள்ளைகளுக்காகப் பிறந்த வேலையே அல்ல. நம்மைப் போன்ற கூலிக்காரர் பிள்ளைகளுக்காகப் பிறந்தது!

நம் நாட்டுப் பள்ளிகளுக்கு இந்த வழிகாட்டும் வேலை 1960-களிலேயே வந்துவிட்டது. ஆனால் வெகுகாலம் அது பெயரளவில்தான் இருந்தது. ஏதோ ஒரு ஆசிரியர், தம் பாடங்களையும் நடத்திக்கொண்டு, நேரம் கிடைத்தால் இதையும் பார்ப்பார். 1996-இல்தான் இடைநிலைப்பள்ளிகளில் 500 மாணவருக்கு ஒருவர் என்ற கணக்கில் முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆலோசகர் தொழிலுக்கென்றே 1998-இல் ஒரு சட்டமும் (சட்டம் 580) வந்தது. 2000-ஆம் ஆண்டில் ஆரம்பப்பள்ளிகளுக்கும் முழுநேர ஆலோசகர் வந்தார். ஆனால் 350 மாணவரும் அதற்கு மேலும் உள்ள பள்ளிகளுக்கு மட்டும்.

அந்த 350 என்ற எண்ணிலேதான் நம் பிள்ளைகள் விடுபட்டுப் போகிறார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் 150 பேர்கூட இல்லை. சிலவற்றில் ஆறு வகுப்பும் சேர்ந்தே ஒரு பஸ் நிறையாது. அங்கே முழுநேர ஆலோசகர் ஏது? இருக்கிற ஆசிரியர்களில் ஒருவர் மற்ற வேலைகளோடு இதையும் தோளில் சுமக்கிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் விளைவு என்ன? பட்டணத்துப் பிள்ளை ஏழு வயதிலேயே பார்த்துப் பழகிய ஆலோசகரை, நம் பிள்ளை பதின்மூன்று வயதில், தமிழ் கேட்காத ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில், முதல் தடவையாகப் பார்க்கிறது.

அதுவும் எந்த நேரத்தில்? புகுமுக வகுப்பில். தேசிய மொழியில் வேண்டிய அளவுக்குத் தேறாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் முதலாம் படிவத்துக்குப் போகுமுன் ஓராண்டு இருக்கும் வகுப்பு அது. நாமும் 'ரிமூவ்' படித்தவர்கள்தாம். கூடப் படித்தவன் ஓராண்டு முந்திப் போக, நாம் வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ என்று பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை மறக்கவில்லை. பிள்ளைகள் படிப்பை விடுவது ஐந்தாம் படிவத்தில் அல்ல. பெயர் வெட்டப்படுவது பின்னால் நடக்கும். மனத்தளவில் அவன் பள்ளியை விட்டு வெளியேறுவது அந்தப் பின் பெஞ்சில்தான்.

நமக்குத் தெரிந்த ஒரு பையனின் கதை. தோட்டத்தின் பெயரும் பள்ளியின் பெயரும் இங்கே வேண்டாம். விடியற்காலையில் தாயும் தகப்பனும் பிரட்டுக்குப் போய்விடுவார்கள். பையன் சீருடை போட்டுக்கொண்டு வேனில் ஏறுவான். பள்ளி வாசலில் இறங்குவான், ஆனால் உள்ளே போகமாட்டான். கடைத்தெருப் பக்கம் பொழுதைப் போக்கிவிட்டு அதே வேனில் வீடு திரும்புவான். மாதக்கணக்கில் இது நடந்தது. முதலில் கட்டொழுங்கு ஆசிரியரிடம் போனான். பிரம்படி. இன்னும் ஒரு வாரம் வந்தான், மறுபடியும் நின்றான். பிறகுதான் கவுன்சலிங் டீச்சரிடம் அனுப்பினார்கள்.

அந்த அம்மையார் தமிழர் அல்லர். முதல் நாள் அவனை ஒன்றுமே கேட்கவில்லையாம். இரண்டாவது முறை, "வகுப்பில் சத்தம்போட்டு வாசிக்கச் சொன்னால் உனக்கு என்ன ஆகிறது?" என்று கேட்டிருக்கிறார். பையன் அழுதுவிட்டான். மலாய் எழுத்து அவனுக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் வாசித்தால் நாக்கு குழறும், வகுப்பே சிரிக்கும். அவ்வளவுதான் விஷயம். அந்த ஆசிரியை செய்தது இரண்டு காரியம். வகுப்பாசிரியரிடம் சொல்லி, கொஞ்சகாலத்துக்கு அவனைத் தனியாக வாசிக்கவைத்தார். அடுத்து, பள்ளியில் 'பி.ஆர்.எஸ்.' என்று சொல்லப்படும் சக மாணவ வழிகாட்டிகளில் ஒருவனை, அதுவும் அடுத்த தோட்டத்து நான்காம் படிவப் பையனை, அவனுக்குத் துணையாகப் போட்டார். ஒரே வேனில் வருகிறவர்கள். வேனிலேயே வாசிப்பு நடந்தது.

அந்தப் பிள்ளை எஸ்.பி.எம். எழுதிவிட்டான். எட்டு 'ஏ' வாங்கினான் என்று கதை சொல்ல மாட்டோம், வாங்கவில்லை. தேசிய மொழியில் தேறினான், சரித்திரத்தில் தேறினான். இந்த இரண்டிலும் தேறாவிட்டால் மற்ற பாடங்களில் என்ன வாங்கியும் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது என்பது நம்மில் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? இப்போது அவன் கார் பழுதுபார்க்கும் தொழில் படிக்கிறான்.

ஆலோசக ஆசிரியரின் வேலை என்ன என்பது இந்த ஒரு கதையிலேயே முக்கால்வாசி வந்துவிட்டது. அவர் தனியாக நின்று ஆயிரம் பிள்ளைகளையும் பார்க்க முடியாது. தினமும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறவர் வகுப்பாசிரியர். சோர்வைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அவர். கண்டதை ஆலோசகரிடம் சொல்ல வேண்டும். ஆலோசகர் காரணத்தைத் தேடி, யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். வகுப்பாசிரியர், பி.ஆர்.எஸ். மாணவன், தாய் தகப்பன் இத்தனை பேரையும் இழுத்துக் கட்டும் கயிறு அவர். அந்தக் கயிற்றில் நம் பக்கத்து முனையை நாம் பிடிக்காமல் விட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில பள்ளிகளில் ஆலோசகர் கையிலேயே பிரம்பையும் கொடுத்து, வாசலில் முடி நீளம் பார்க்க நிறுத்திவிடுகிறார்கள். காலையில் முடியை வெட்டியவரிடம் மத்தியானம் எந்தப் பிள்ளை மனத்தைத் திறக்கும்? இதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டும். கூட்டத்துக்குப் போய் மீகூன் சாப்பிட்டுவிட்டு வந்தால் மட்டும் போதாது.

முன்பெல்லாம் பரீட்சைதான் நம் பிள்ளைகளுக்கு வழி சொல்லிற்று. சொல்லிற்று என்பதைவிட, கதவைச் சாத்திற்று எனலாம். எல்.சி.இ., பிறகு எஸ்.ஆர்.பி. என்று மூன்றாம் படிவத்தில் ஒரு பரீட்சை. தவறினால் மறுநாள் அரிவாளும் வாளியும்தான். அந்தக் கண்டம் 1993-இல் பி.எம்.ஆர். வந்த பிறகு தணிந்தது. 2014-இல் பி.டி.3 வந்தது. பிறகு யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் நிறுத்தப்பட்டது, பி.டி.3-உம் 2022-இல் எடுக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது என்று சந்தோஷப்பட்டோம். நியாயந்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? எஸ்.பி.எம். வரைக்கும் அரசாங்கப் பரீட்சை முடிவு என்று ஒரு தாள் நம் கையில் வருவதில்லை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று வெளியிலிருந்து யாரும் நமக்குச் சொல்லப் போவதில்லை. பள்ளி மதிப்பீடு, மாணவனின் நாட்டம் பார்க்கும் உளவியல் சோதனை, வருகைக் கணக்கு எல்லாம் பள்ளிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து நமக்குப் புரிகிறபடி சொல்லக்கூடியவர் ஆலோசக ஆசிரியர்தான்.

நான்காம் படிவப் பாடத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஒரு பாரம் கொண்டுவருவான். "இங்க சைன் போடுங்கப்பா" என்பான். நாம் போட்டுக் கொடுப்போம். அவன் எடுத்திருப்பது பெரும்பாலும் கூட்டாளி எடுத்த பாடமாக இருக்கும். கூடுதல் கணிதமும் பௌதிகமும் இல்லாமல் பொறியியல் பக்கம் போவது கடினம் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. எஸ்.பி.எம். முடிந்து, "இஞ்சினியர் ஆகணும்" என்று வந்து நிற்கும்போது காலம் கடந்துவிடும். மறுபுறம், புத்தகத்தில் மனம் போகாத பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு மூன்றாம் படிவத்துக்குப் பிறகே தொழிற்கல்விக் கல்லூரி உண்டு. எஸ்.பி.எம்.முக்குப் பிறகு மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்கள் உண்டு. 2003-இல் தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கார் தொழிற்சாலை வந்தது. நம் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போய் வருகிறார்கள். அங்கே கைத்தொழில் சான்றிதழோடு நுழைவதற்கும் வெறுங்கையோடு நுழைவதற்கும் உள்ள வித்தியாசத்தை யார் சொல்வது? தமிழை எஸ்.பி.எம். பாடமாக எடுக்க விரும்பும் பிள்ளையும் அதே சமயத்தில்தான் பேசி முடிக்க வேண்டும். பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் மொழி வகுப்புக்கு வழி செய்யலாம் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. கேட்பதற்கு ஆள் வேண்டுமே!

தஞ்சோங் மாலிம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்த ஆலோசக ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பல்கலைக்கழகங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997-இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமானது. கலும்பாங்கிலிருந்து அடுத்த ஊர். நம் தோட்டத்துப் பெண் ஒருத்தி ஏன் அங்கே படித்து, தமிழ் பேசும் ஆலோசகராக நம் வட்டாரப் பள்ளிக்கு வரக்கூடாது?

"அண்ணே, நமக்கு மலாய் சரியா வராதே, அந்த டீச்சர்கிட்ட என்னான்னு பேசுறது?" என்று கேட்கிறார்கள். கடைத்தெருவில் பேசும் மலாய் போதும். அதுவும் வராவிட்டால் படித்த உறவினர் ஒருவரையோ, தெரிந்த தமிழ் ஆசிரியரையோ கூட்டிப்போங்கள். பிள்ளையை மட்டும் மொழிபெயர்ப்புக்கு வைக்காதீர்கள். "உங்கள் மகன் இருபது நாள் வரவில்லை" என்று டீச்சர் சொன்னால், "நான் நல்லாப் படிக்கிறேன்னு சொல்றாங்கம்மா" என்று வந்து சேரும்!

வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லிவிடுவாரோ என்ற பயமும் உண்டு. தகப்பன் குடிக்கிறான், வீட்டில் சண்டை, கடன்காரன் வாசலில் என்று பிள்ளை சொல்லிவிட்டால் தோட்டம் பூராவும் பரவிவிடுமே என்று. ஆலோசகர் தொழிலின் முதல் விதியே கேட்டதை அடக்கி வைத்திருப்பதுதான். பிள்ளையின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால்தான் பிறரிடம் சொல்லியாக வேண்டியிருக்கும். உண்மையில் நம் பிள்ளைகள் பள்ளியில் சொல்வதைவிட அதிகமான சங்கதிகள் பைப்படியிலேயே பரவிக்கொண்டிருக்கின்றன.

அடுத்தது நேரம். காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் ஒருநாள் கூலி போகிறது. இது உண்மையான கஷ்டம், சாக்கு அல்ல. கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டு, வேலை முடிந்து மத்தியானம் வரலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். அதற்கும் வழியில்லை என்றால் கிளைச் செயலாளரிடம் கடிதத்தைக் காட்டுங்கள், நிர்வாகியிடம் பேசி அரைநாள் அனுமதி கேட்கட்டும். பல பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போகும் தோட்டமாக இருந்தால், ஆலோசகரையே ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்ட மண்டபத்துக்கு அழைக்கலாம். நாம் ஒரு தோட்டத்தில் அப்படி அழைத்தோம். பத்துப் பேர் வருவார்கள் என்று பார்த்தால் நாற்காலி போதவில்லை. பாட்டிமார்கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

போகும்போது பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பன்னிரண்டு வயதானால் அடையாளக் கார்டு, தாய் தகப்பன் இருவரின் சம்பளச் சீட்டு இவற்றைக் கையில் எடுத்துப் போங்கள். ஏழை மாணவர் உதவிக்கு மனுப்போடக் குடும்ப வருமானம் காட்ட வேண்டியிருக்கும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, பத்திரத்தில் பெயர் தப்பாக உள்ள பிள்ளை, தாய் தகப்பன் கல்யாணத்தைப் பதியாமல் விட்ட பிள்ளை என்றால், மூடி மறைக்காமல் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பதிவிலாகாவில் இந்தக் காரியங்கள் முடிய ஆண்டுக்கணக்கில்கூட ஆகும். எஸ்.பி.எம். பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் நேரத்தில் தொடங்கினால் நடக்காது.